கால்நடையாக ஒரு பட்டணம்

கேள்வி: ஐயா, மதராஸிலிருந்து வரும் என் மைத்துனர், ஒரே நாளில் ஹைதராபாத்தைக் கால்நடையாகவே பார்த்துவிட வேண்டும் என்கிறார். எங்கே ஆரம்பிப்பது? (வாசகர், போலாரம்)

பதில்: உங்கள் வாசற்படியிலேயே ஆரம்பியுங்கள். 1860-ல் பிரிட்டிஷ் ரெஸிடெண்டுக்காகக் கட்டப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் ஜனாதிபதியின் தக்ஷிண வாசஸ்தலமாகி, 2023 முதல் வருஷம் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கும் ராஷ்டிரபதி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கையில், அதைப் பாராமல் சார்மினாருக்கு பஸ் ஏறுவது நியாயமல்ல. திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிறகு, 1847-ல் எழுந்த ஹோலி டிரினிட்டி ஆலயம். விக்டோரியா மகாராணி பொருளுதவி செய்த அந்தக் கோயிலில், அவருடைய எள்ளுப் பேத்தியான இரண்டாம் எலிஸபெத் ராணி, 1983 நவம்பர் 20-ந் தேதி, தம் திருமண நாளன்று வந்து பிரார்த்தனை செய்தார்.

கேள்வி: அப்புறம்? (அதே வாசகர்)

பதில்: சிகந்தராபாத் வரை ரயிலேறுவதில் தோஷமில்லை. அங்கிருந்து கோட்டிக்குப் போய், மகளிர் கல்லூரியாக நெடுங்காலம் விளங்கிய பழைய ரெஸிடென்ஸியைப் பாருங்கள். போலாரத்து மாளிகைக்கு எஜமானராயிருந்த ரெஸிடெண்டுக்கு நகர வீடு இதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அன்றைய நடைக்கு ஓர் அர்த்தம் ஏற்படும். தெற்கே நடந்து உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தை அடைந்ததும், தயவு செய்து அங்குள்ள புளிய மரத்தடியில் சற்று நில்லுங்கள். 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி நதி பிரவாகமெடுத்து, ஆயிரக்கணக்கான ஜனங்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனபோது, இதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். கோபுரங்களையும் மசூதிகளையும் கட்டியவர்களின் கீர்த்தியைப் பாடும் நாம், யாரும் கட்டாத இந்த விருட்சத்துக்கும் ஒரு நமஸ்காரம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நயாபுல்லைத் தாண்டி, பத்தர்கட்டி வழியாக 1591-ன் சார்மினாரை அடைந்தபின், லாட் பஜாரில் வளையல் செய்வோரைப் பாருங்கள். அரக்கைச் சூட்டில் இளக்கி, வளைத்து, ஆறுவதற்குள் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் அந்த விரல்களின் வேகத்துக்கு ஈடான அதிசயம், என் அபிப்பிராயத்தில், சார்மினாரின் மேல்மாடத்திலும் இல்லை.

கேள்வி: ஹைதராபாத் பக்கம் தமிழ்க் குரல் காதில் விழுமா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: பழைய மதராஸ் பட்டாளத்தோடு வந்து குடியேறியவர்களின் சந்ததியார் சிகந்தராபாத்தில் இன்னும் இருக்கிறார்கள். பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் சந்நிதிக்குப் போனால் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: நடந்த அலுப்புக்கு மாலையில் ஒயின் சாப்பிடலாமா? (வாசகர், போலாரம்)

பதில்: சாப்பிடலாம், ஆனால் தெருவுக்குத் தெரு ‘ஒயின்ஸ்’ என்று பலகை தொங்கும் கடைகளில் பிராந்தியும் விஸ்கியுமே பிரதானம் என்பதால், திராட்சை ரசம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அனாபே ஷாஹி என்ற திராட்சையை வளர்த்துப் பிரசித்தியாக்கிய ஊர் ஹைதராபாத்; அதைத் தட்டில் வைத்துத் தின்பதே உசிதம். ஒயினுக்கு நாசிக் சரக்கு உத்தமம். போலாரம் ஸ்டேஷனைத் தொட்டுச் செல்லும் தண்டவாளமே நாசிக் ஜில்லாவின் மன்மாடு வரை போகிறதாகையால், அதுவும் உங்கள் ஊருக்குப் பந்துதான். முதலில் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, வீட்டில் சாப்பாட்டோடு ஒரே ஒரு கிளாஸ். அதன் பிறகு மைத்துனரை மோட்டார் சாவியைத் தொட விடாதீர்கள். அவரை டிசம்பரிலோ ஜனவரியிலோ வரச் சொல்லுங்கள். மே மாத வெயிலில் இந்த நடை ஆகாது.