பாசேஜின்படி வேதாரண்யம் கிடையாது

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்தக் காலத்தில் முதலில் சொல்லப்படுவது, சட்டம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்பதுதான். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமோ, பெங்களூரில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளியோ, எதற்குள் நுழைய வேண்டுமானாலும் கிளாட் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் அபராதம். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்டம், தர்க்கம், கணக்கு என்று ஐந்து பிரிவுகள் பெயரளவுக்கு உண்டு. உள்ளே போனால் எல்லாமே பாசேஜ். சட்டத்துக்கு ஒரு பாசேஜ், தர்க்கத்துக்கு ஒரு பாசேஜ். ஆங்கிலத்துக்குக் கேட்கவே வேண்டாம், ஏறத்தாழ 450 சொற்களில் நீளநீளமாக வரும். கணக்கில்கூட ஒரு கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் வகுத்தல் போட விடுவார்கள். 2020க்கு முன்னால் எதிர்ச்சொல், பொது அறிவு என்று மனப்பாடக்காரர்களுக்கும் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தை அடைத்துவிட்டார்கள். உனக்கு என்ன தெரியும் என்ற விவரம் எங்களுக்குத் தேவையில்லை, கொடுத்ததைப் படித்துச் சொல் என்பதுதான் இப்போதைய கொள்கை.

கொடுத்ததை மட்டும் படித்து, அதைப் பற்றி மட்டும் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தாலே, அதில் பெயர் போடாமல் விட்ட சித்தப்பாவைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசுவோம்.

என் மகள் படித்தது கும்பகோணத்தில், மாநிலப் பாடத்திட்டம். பள்ளிக்கூடத்து காம்ப்ரிஹென்ஷன் ஒரு தனிக் கலை. கேள்வியில் ஒரு பெரிய வார்த்தை இருக்கும். அதே வார்த்தை பாசேஜில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டும். கிடைத்ததும் அந்த வரியையும், பாதுகாப்புக்கு முன்வரி பின்வரியையும் சேர்த்து அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். பாசேஜ் யானையைப் பற்றியதா பூனையைப் பற்றியதா என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. இப்படி வளர்ந்த பிள்ளை கிளாட் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தால், அந்த வார்த்தை ஒரு விடையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பொறி. சரியான விடையில் பாசேஜின் வார்த்தை ஒன்றுகூட இருக்காது, மாறுவேடத்தில் வந்திருக்கும்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "டெய்லி இந்து பேப்பர் எடிட்டோரியல் படிக்கச் சொல்லுங்க சார்" என்று பல் டாக்டர் சொன்னார், பால்காரர் சொன்னார், வீட்டில் எந்தப் பேப்பரும் வாங்காத என் மைத்துனர் சொன்னார். 1878இல் தொடங்கிய பத்திரிகை அது; அந்த அறிவுரைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும்.

ஒரு பயிற்சி நிலையம் கூரியரில் அனுப்பிய தலையணை அளவு புத்தகத்தை வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஹாலில் பயிற்சி என்று முடிவானது. ஹாலில் நடக்கும் எதுவும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. என் அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் தாத்தாதான், இப்போது எனக்கும். சார் பதிவாளர் அலுவலக வாசலில் ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறார். அம்மா, அதாவது மகளுக்கு அப்பாயி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கீழே உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான பக்கத்து வீட்டு வாத்தியார், கரண்ட் போயிருக்கிறதா என்று கேட்க வந்து, போகாதது தெரிந்த பிறகும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாசேஜ் தண்டி யாத்திரை. 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து காந்தி புறப்பட்டது, ஏப்ரல் 6இல் உப்பெடுத்தது, போயும் போயும் உப்பா என்று காங்கிரஸ்காரர்களே முதலில் முகம் சுளித்தது என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பாசேஜிலிருந்து எதை அறிய முடிகிறது என்று கேள்வி. மகள் யோசிப்பதற்குள் வாத்தியார், "சி! சி! தென்னாட்டுக் கடற்கரைக்கும் போராட்டம் பரவியது. இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

விடைப் பக்கத்தில் பி என்று இருந்தது. உப்பைத் தேர்ந்தெடுத்தது கூட இருந்தவர்களையே வியக்க வைத்தது என்பது பி.

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலேருந்து கிளம்பினாரா இல்லையா? இதோ இந்தக் கும்பகோணத்து வழியா நடந்து போய் வேதாரண்யத்துல உப்பு அள்ளினாரா இல்லையா? சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டா ஜெயில்னு கலெக்டர் தார்ன் மிரட்டினதும், ஜனங்க பொட்டலம் கட்டி மரக்கிளையில தொங்கவிட்டாங்களா இல்லையா? சி எப்படித் தப்பாகும்?"

"நடந்தது வாஸ்தவம் சார்" என்றார் தாத்தா. "ஆனா பத்திரத்துல இல்லை."

"சரித்திரத்துல இருக்கே!"

"சரித்திரத்துல இருக்கலாம், ஊர்ல இருக்கலாம். பத்திரத்தோட நாலெல்லைக்கு வெளியில இருக்கு. வெளியில இருக்கறதை நான் எப்படி எழுதிக் குடுக்க முடியும்?"

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. சென்னையில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் வித்தை, எங்கள் வீட்டுத் தூணோரம் இத்தனை நாள் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. பாசேஜை முதலில் படிப்பதா, கேள்வியை முதலில் படிப்பதா என்று பயிற்சியாளர்கள் யூடியூபில் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். தாத்தா ஒரே வார்த்தையில் தீர்த்தார். "எந்தச் சொத்துன்னு தெரியாம பத்திரத்தைப் படிச்சு என்ன பண்ணப் போறே? கேள்வியை முதல்ல பாரு பாப்பா." பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் இருக்கும் விடைக்கு அவர் வைத்த பெயர், சர்வே நம்பர் சரி விஸ்தீரணம் தப்பு. எப்போதும், ஒருபோதும், அனைவரும் என்று அடித்துச் சொல்லும் விடைகளைப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எந்த வில்லங்கமும் இல்லைன்னு எவன் சத்தியம் பண்றானோ, அவனுக்குத்தான் முதல்ல வில்லங்க சர்ட்டிபிகேட் போட்டுப் பார்க்கணும்." கிளாட்டில் இந்த ஒரு விதியே நாலைந்து மதிப்பெண்ணைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

அப்பாயியின் பிரச்சினை வேறு. தேர்வுக்காரர்கள் நாவல்களிலிருந்தும் பகுதிகளை எடுத்துப் போடுவார்கள். ஒரு நாள் ரயில் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு ஒரு பெண் நிற்கிறாள். கையில் தந்தி. வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. அவள் உறையைப் பிரிக்கப் போகிறாள். அவ்வளவுதான், சொல் கணக்கு முடிந்துவிட்டது. மகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் அப்பாயி.

"அப்புறம் கேள்விதான் அப்பாயி. பெட்டியோட நிறத்தை எதுக்குச் சொல்லியிருக்காங்கன்னு கேக்கறாங்க."

"பொட்டி கெடக்குது. தந்தியில என்ன இருந்துச்சாம்?"

"அது இதுல இல்ல."

"இல்லாம என்னத்தைப் பரீட்சை வைக்கிறானுவ? ஒரு பொம்பளையைத் தனியா ரயிலடியில நிக்க வச்சிட்டு, பொட்டி என்ன கலருங்கறான்." அன்று கீரை பாதியிலேயே நின்றது. அடுத்த நாளும், "அந்தப் பொண்ணு ஊரு போய்ச் சேர்ந்தாளா?" என்று விசாரித்தார்.

ஆனால் தொனிக் கேள்வி வந்தால் அப்பாயியை அடிக்க ஆளில்லை. எழுதியவரின் மனப்பாங்கு என்ன என்று ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். பாராட்டு, ஏளனம், அக்கறையின்மை, மறைமுகக் கண்டனம் என்று நாலு விடை தருவார்கள். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஒரு புத்தக விமர்சனம் வந்தது. ஆசிரியரின் கடும் உழைப்பைப் புகழ்ந்து, அட்டைப்படத்தைப் புகழ்ந்து, அச்செழுத்து கண்ணுக்கு இதமாக இருப்பதாகவும் புகழ்ந்திருந்தார் விமர்சகர். வாத்தியாரும் நானும் ஒரே குரலில் பாராட்டு என்றோம். மகள் தயங்கினாள். அப்பாயி கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே சொன்னார்: "புத்தகம் நல்லா இருக்குன்னு எங்கியாச்சும் சொன்னானா? பொண்ணு பார்க்கப் போயிட்டு வந்து, பஜ்ஜி பிரமாதம்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு." விடைப் பக்கத்தைத் திருப்பினால் மறைமுகக் கண்டனம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர், அறுபது வருஷம் சம்பந்திகளின் பேச்சைக் கேட்டே பாஸாகிவிட்டார்.

இவரைச் சோதிக்க நான் ஒரு நிஜக் கேள்வியைத் தேடிப் பிடித்தேன். 2012இல் நியூயார்க் மாநிலத்து எட்டாம் வகுப்புத் தேர்வில் முயலும் அன்னாசிப்பழமும் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொள்ளும் கதையைப் போட்டார்கள். பழம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, முயல் ஜெயிக்கிறது, கடைசியில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து பழத்தைத் தின்றுவிடுகின்றன. ஏன் தின்றன என்று கேள்வி. பிள்ளைகள் குழம்பி, பெற்றோர்கள் கொதித்து, அந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று கடைசியில் அரசு ஒதுக்கிவிட்டது. அப்பாயியிடம் கேட்டேன். "பழம்னா திங்கத்தானே செய்யும்" என்றார். அமெரிக்காவில் யாருக்கும் இது தோன்றவில்லை.

தாத்தா, அப்பாயி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பழகியதில் மகளின் மதிப்பெண் ஏறத் தொடங்கியது. தகவல் என்றால் தாத்தாவைப் போல முகத்தை வைத்துக்கொள்வாள், தொனி என்றால் அப்பாயியைப் போல உதட்டைச் சுழிப்பாள். "ரெண்டு பேரையும் ஹால் டிக்கெட்டோட சேர்த்துப் பின் பண்ணி உள்ள எடுத்துட்டுப் போக முடியுமாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

வாத்தியார் மட்டும் ஆறவே இல்லை. அவருக்கு நம்பிக்கை கொடுத்தது ஒரு பழைய செய்தி. 2025 சேர்க்கைக்கான கிளாட் விடைகளில் சில தப்பு என்று மாணவர்கள் வழக்குப் போட்டு, அது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. சட்டக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே சுப்ரீம் கோர்ட் படியேறிய பிள்ளைகள். "பத்திரம்னு ஒண்ணு இருந்தா கோர்ட்டுக்குப் போகத்தான் செய்யும்" என்று தாத்தா திருப்தியாகத் தலையாட்டினார். அவருடைய தொழிலுக்கே கிடைத்த மரியாதையாக அதை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வாத்தியார் புத்தகம் போட்ட பயிற்சி நிலையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். வேதாரண்யத்தை விட்டுவிட்டு உப்பு சத்தியாகிரகத்தைப் பற்றி ஒரு பாசேஜா என்பது பொருள். ஐந்து நாள் திருத்தி, அழகான கையெழுத்தில், இரண்டு பக்கம். தபாலில் போடுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி மகளிடம் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இது கரெக்டா கிளாட் சைஸ்" என்றாள். அன்று ராத்திரி பயிற்சிக்கு அந்தக் கடிதமே பாசேஜ். கேள்விகளை அவளே தயாரித்தாள்.

எழுதியவரையே தேர்வு எழுத வைப்பது ஆபத்து என்று எனக்குத் தெரியும். டெக்சாஸ் மாநிலப் பள்ளித் தேர்வில் தன் கவிதைகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று சாரா ஹோல்புரூக் என்ற அமெரிக்கக் கவிஞர் 2017இல் எழுதியிருக்கிறார். சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் பேனாவைத் திறந்துவிட்டார்.

முதல் மூன்று கேள்வியும் தகவல், தப்பில்லாமல் எழுதினார். நாலாவது, இக்கடிதத்தின் தொனி யாது? ஏ, பணிவு. பி, ஆதங்கம். சி, கடுங்கோபம். டி, நகைச்சுவை. வாத்தியார் யோசிக்கவே இல்லை, ஏ என்று வட்டம் போட்டார். தாத்தா பி. அப்பாயியிடம் மகள் தமிழில் ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். முதல் வரியிலேயே, "சிவனேன்னு இருந்த மனுசனை இப்படிக் கத்த வச்சிட்டானுவளே" என்றார். மகளின் விடையும் சிதான்.

"நான்தான்மா எழுதினவன்!" என்றார் வாத்தியார்.

"அது பாசேஜில் இல்லை சார்" என்று கால் மதிப்பெண்ணைக் கழித்தாள். வாத்தியார் மேல்முறையீடு செய்யப் போவதாக அறிவித்துவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பணிவு போதவில்லையாம், இன்னும் நாலு வரி சேர்க்க வேண்டுமாம்.