சனி ஒருவர், பஞ்சாங்கம் இரண்டு

எனக்கு மகர ராசி, திருவோணம். என் மனைவிக்கு மேஷம், அசுவினி. கல்யாணத்துக்கு முன் பெரியவர்கள் தினப் பொருத்தம், கணப் பொருத்தம் எல்லாம் பார்த்தார்கள். பஞ்சாங்கப் பொருத்தத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மகரத்துக்கு ஏழரைச் சனி பிடித்தது 2017-ல். தனுசு, மகரம், கும்பம் என்று மூன்று வீட்டிலும் இரண்டரை இரண்டரை வருஷம் என்பது பேச்சு. வழியில் வக்ரம் என்று பின்னால் நடந்து, மறுபடி முன்னால் நடந்து, எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் ஏழரை எட்டைத் தாண்டிவிட்டது. “மகரத்துக்கு அதிபதியே சனிதான் தம்பி. சொந்த வீட்டை யாராவது இடிப்பாங்களா?” என்று எங்கள் தெரு ஜோசியர் தேற்றினார். வீட்டுக்காரரே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டால் குடித்தனக்காரன் பாடு என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சனி மீனத்துக்குக் கிளம்பினால் எனக்கு விடுதலை. அதே நிமிஷத்தில் மேஷத்துக்கு ஏழரை ஆரம்பம். இன்றைய வானியல் கணக்கைச் சேர்த்துக்கொள்ளும் திருக்கணிதம் அந்த நாளை 29.3.2025 என்றது. பழைய சூத்திரங்களின் வழி போகும் வாக்கியமோ 6.3.2026 என்றது. திருநள்ளாறு கோயிலும், தாங்கள் வாக்கியப்படிதான், 2025 மார்ச்சில் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்துவிட்டது. என் மனைவி அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

“கோயிலுக்கே தெரியாதது உங்க திருக்கணிதத்துக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?”

“சனி பெயர்றது வானத்துலதானே? கோயில்ல இல்லையே?”

“பெயர்றது வானத்துலதாங்க. பிடிக்கிறது வீட்டுலல்ல?”

இதற்குப் பதில் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் திருக்கணிதம், அவள் வாக்கியம். மிக்ஸி புகைந்தால், “உங்க ஏழரை இன்னும் போகலை” என்பாள். குக்கர் கேஸ்கட் கிழிந்தால், “உனக்கு ஆரம்பிச்சாச்சு” என்பேன். சம்பளம் கூடினால் திருக்கணிதம் ஜெயித்தது. கூடிய சம்பளத்தை வாடகை உயர்வு விழுங்கினால் வாக்கியம் ஜெயித்தது.

தீர்ப்புக் கேட்கத் தினசரி காலண்டரிடம் போனோம். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் தாண்டி, தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல் இருக்கும். அன்றைக்கு மகரத்துக்கு ‘வரவு’. மேஷத்துக்குச் ‘செலவு’. இரண்டுமே பலித்தன. இரண்டும் ஒரே பணம்.

ஆபீஸ் கதை வேறு. என் மேலதிகாரிக்கும் மகர ராசிதான். காலையில் நான் படிக்கும் அதே பலனைத்தான் அவரும் படித்துவிட்டு வருவார். ஒரு நாள் ‘மேலதிகாரியின் பாராட்டு கிட்டும்’ என்று போட்டிருந்தது. அவர் பாராட்டுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ தன் மேலதிகாரியின் அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், கொஞ்சமும் குறைக்காமல் அப்படியே என்னிடம் இறக்கிவைத்தார்.

கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ராசிக்குச் சுமார் 60 லட்சம் பேர். ‘தூரத்து உறவினர் வருகையால் மகிழ்ச்சி’ என்று ஒரு ராசிக்கு எழுதிவிட்டால், அன்று கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற முடியுமா? ஏழரையில் மூன்று ராசி, அஷ்டமச் சனி ஒன்று, அர்த்தாஷ்டமச் சனி ஒன்று, கண்டகச் சனி ஒன்று. ஆக, எந்த நேரத்திலும் பன்னிரண்டில் ஆறு ராசி சனியின் பிடியில்தான். மீதி ஆறு பேரையும் சும்மா விடுவதில்லை. சந்திராஷ்டமம் என்று மாதத்தில் இரண்டே கால் நாள் எல்லாருக்கும் உண்டு.

ஆனாலும் நான் ராசிபலனை விடுவதாக இல்லை. எங்கள் வீட்டில் சண்டை வந்தால் குற்றவாளி 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். எதிர்த்துப் பேச மாட்டார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார், அம்மா வீட்டுக்குப் போன் போட மாட்டார். சனிக்கிழமை ஓர் எள் விளக்கு ஏற்றினால் ராஜி ஆகிவிடுகிறார். இதே பழியை மாமியார் மேல் போட்டுப் பாருங்கள், தெரியும்.

6.3.2026 அன்று வாக்கியமும் வழிக்கு வந்தது. எனக்கு ஏழரை முடிந்தது என்று இரண்டு பஞ்சாங்கமும் ஒப்புக்கொண்டன. என் மனைவி கலங்கவில்லை. “இனிமே ஏழரை வருஷத்துக்கு நான் கத்தினா அது நான் இல்லை, சனி” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனக்கு அந்த வசதியும் பறிபோனது. வேறு கிரகம் ஏதாவது கைகொடுக்குமா என்று கேட்க ஜோசியரிடம் போனேன். அவளும் கூடவே வந்தாள்.

“சனி போயிடுச்சேன்னு ஆடிடாதீங்க தம்பி. ரெண்டாம் இடத்துல ராகு உட்கார்ந்திருக்கார். வாக்கு ஸ்தானம். வீட்டுல வாயைத் திறந்தா வம்புதான். மௌனமே பரிகாரம்.”

“இது வாக்கியப்படியா, திருக்கணிதப்படியா?” என்று கேட்டாள் மனைவி.

“ரெண்டு படியும்தாம்மா.”

அன்று சாயங்காலமே அவள் திருக்கணிதத்தையும் ஏற்றுக்கொண்டாள்.