டாக்டரைத் திட்டும் பக்தர்

இங்கிலாந்தில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவராவது இருப்பார். வயது ஐம்பதை ஒட்டி. பகலில் ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுவார். இரவு பிள்ளைகள் தூங்கியதும் மாடியில் துணிமணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தொங்கும் கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பது பாட்காஸ்ட்காரர்களின் தொழில் ரகசியம். மைக்கை இழுத்து, ஹெட்போனை மாட்டி, வேறொரு ஊரில் இதேபோலக் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நண்பரோடு சேர்ந்து 'டாக்டர் ஹூ'வைத் திட்டத் தொடங்குவார்.

பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் அது. 1989-இல் நின்று, 2005-இல் மறுபடி கிளம்பியது. போலீஸ் பெட்டி வடிவக் கால இயந்திரத்தில் ஏறிக் காலம்விட்டுக் காலம் திரியும் டாக்டர், சாகும் தறுவாயில் உருமாறி வேறொரு நடிகராகிவிடுவார். ஆகவே தொடருக்கும் சாவில்லை, நம்மவர் வாய்க்கும் ஓய்வில்லை. 25 நிமிட எபிசோடைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். அதில் முதல் அரை மணி, தான் தின்றுகொண்டிருக்கும் பிஸ்கட்டைப் பற்றி.

1965-இல் வந்த 'தி வெப் பிளானட்' கதையில், ராட்சத எறும்பு வேடம் போட்டவர் விறுவிறுவென்று வந்து நேராகக் கேமராவில் முட்டிக்கொள்கிறார். வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது அன்று பெருஞ்செலவு, அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். நம்மவர் அந்த முட்டலைப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்து, "தொடரிலேயே உணர்ச்சிபூர்வமான நடிப்பு இதுதான்" என்று தீர்ப்புச் சொல்வார். 1975-இன் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதையில் ஒருவர் மெல்ல மெல்லப் பூச்சியாக மாறுவார். கை பச்சையாகப் புடைத்திருக்கும். பார்சலில் சுற்றி வருமே, நாம் பட்பட்டென்று உடைப்போமே, அந்த பபிள் ராப்தான். மேலே பச்சைப் பெயின்ட். "பூச்சிகள் விண்வெளியைக் கடந்து கூரியரில் வந்திருக்கின்றன" என்பார். நண்பர் இருமல் வரும்வரை சிரிப்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இவரைத் தொடரின் எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒருநாள் மனைவி, "ஆமாம், அந்த எறும்பு சுத்தக் கோமாளித்தனம்" என்று ஒத்துப் பாடினார். அவ்வளவுதான். ஸ்டுடியோவின் அளவு, பட்ஜெட், நடிகருக்கு முகமூடிக்குள் கண் தெரியாத கஷ்டம் என்று சாப்பாடு ஆறும்வரை வாதாடினார். சிவபெருமானையே கிண்டலடித்துப் பாடிய காளமேகப் புலவர், பக்கத்துத் திண்ணைக்காரர் கிண்டலடித்தால் சும்மா விட்டிருப்பாரா?

அவரிடம் மறந்தும் எழுப்பக்கூடாத வழக்கு ஒன்று உண்டு: தொடரில் வரும் 'யூனிட்' ராணுவப் படையின் கதைகள் நடந்தது எழுபதுகளிலா, எண்பதுகளிலா? 1975-இல் வந்த ஒரு கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன், தான் 1980-ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983-இல் வந்த இன்னொரு கதையிலோ படைத்தலைவர் பிரிகேடியர் 1977-இலேயே பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டார். எழுதியவர்கள் பழைய கதையைப் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே. இதை நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள், அன்று இரவு நீங்கள் வீடு போய்ச் சேரமாட்டீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இவருக்குக் கேலி வராது. அறுபதுகளின் எபிசோடுகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. தொண்ணூற்றுக்கும் மேல் காணோம். டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ரசிகப் பிள்ளைகள் பதிவு செய்ததால் அத்தனைக்கும் ஒலி மட்டும் மிஞ்சியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிரதிகள் எப்போதாவது தலைகாட்டும். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த ஒன்பது எபிசோடுகளை 2013-இல் வெளியிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது பழைய டிவி நிலையத்தில் வேலை பார்த்திருந்தால், பரணை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர் கண்ணீர் மல்க வாங்கிக்கொள்வார். அந்த வாரமே மைக் முன்னால் உட்கார்ந்து கிழி கிழியென்று கிழிப்பார்.