பிள்ளை பார்க்கப் போவது எப்படி?

கல்யாண வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. துட்டி வீட்டுக்குப் போவதற்கும் இருக்கிறது. அங்கே 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போவதற்கு மட்டும் யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை. அவரவர் சொந்தத் திறமையை நம்பித்தான் போய்வருகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மதுரையில் அம்மா வீட்டுக்கு வந்து, நடு அறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்தத் திறமைகளையெல்லாம் பார்த்து ரசித்தவள் என்ற ஒரே தகுதியில் இந்தக் குறிப்புகளைத் தருகிறேன். புதிதாகப் பிள்ளை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும். பெரியம்மாக்களுக்குத் தேவைப்படாது. அவர்களுக்கு இது கைவந்த கலை.

முதலில் நேரம் பார்க்க வேண்டும். ராகுகாலம், எமகண்டம் அல்ல. தாயும் பிள்ளையும் தூங்குகிற நேரம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினாலும் தூங்கும் பிள்ளையை எழுப்பும் வாய்ப்பு பாதிக்கு மேல் உங்களுக்குச் சாதகம். தாயைப் பிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். பிள்ளையின் தூக்கம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று துண்டுதுண்டாகத்தான் வரும். நடுவில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அதற்குத் தகுந்தாற்போல் துணி நனைக்கும். இந்த இடுக்கில் அவள் எப்போது கண்ணயர்வாள் என்று யாராலும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் மதியம் ஒன்றரை மணி உத்தமம். பூண்டுக் குழம்புச் சோறு வயிற்றுக்குள் போய், பிள்ளையும் ஏப்பம் விட்டு, வீடே ஓய்ந்திருக்கும். அப்போது காலிங் பெல்லை அடியுங்கள்.

போன் செய்துவிட்டுப் போகலாமா என்றால், கூடாது. 'சாயங்காலமா வாங்களேன்' என்று யாராவது சொல்லித் தொலைத்துவிடுவார்கள்.

கதவு திறந்ததும் 'அடடா, தூங்குதா? எழுப்பாதீங்க, எழுப்பாதீங்க!' என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். எழுந்துவிடும். உடனே நேராகக் கட்டிலுக்குப் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கம்பி பிடித்த கை, மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ பேரம் பேசிய கை, பத்து ரூபாய்ச் சில்லறை எண்ணிய கை, எல்லாம் ஒரே கைதான். அதைக் கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். சளி பிடித்திருந்தால், 'எனக்கு லேசா ஜலதோஷம், நான் கிட்ட வரல' என்று சொல்லிக்கொண்டே கிட்ட வந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு நாள் தும்மலோடு போகிற கிருமி, ஒரு மாதப் பிள்ளைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என் அப்பத்தா காலத்தில் இந்தக் கலை வளரவே வழியில்லாமல் இருந்தது. முப்பது நாள் தீட்டு. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் கண்டவர்கள் நுழைய முடியாது. வந்தவர்கள் வாசலில் கைகால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, 'நல்லாருக்காளா' என்று கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும். தீட்டு என்ற எண்ணம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிள்ளை பெறுவதில் என்ன அழுக்கு வந்துவிட்டது? ஆனால் அதன் பெயரால் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சாத்திய கதவு எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாம் தீட்டை ஒழித்தோம், கூடவே கதவையும் கழற்றிவிட்டோம்.

தூக்கியாயிற்று. இனி ஆய்வு. முகம் யார் சாயல் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்பா வீட்டு உறவு என்றால் அப்பா சாயல், அம்மா வீட்டு உறவு என்றால் அம்மா சாயல். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. மூக்கு சப்பையாக இருந்தால் அது எதிர்த்தரப்பு. அடுத்தது நிறம். பிறந்த பிள்ளையின் நிறம் நம்பத் தகுந்ததல்ல, முதல் சில வாரங்களில் அது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் காது மடலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே என்ன நிறமோ அதுதான் நிலைக்கும் என்பது நம் பெரியவர்களின் கண்டுபிடிப்பு. பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்து, 'குங்குமப்பூ சாப்பிடலையாத்தா?' என்று கேளுங்கள். பெண்பிள்ளையாக இருந்தால் குரலில் கூடுதலாகக் கொஞ்சம் கவலை சேர்க்கலாம்.

பிறகு, 'பிள்ளை இளைச்ச மாதிரி இருக்கே' என்று சொல்லுங்கள். முதல் வாரத்தில் போயிருந்தால் இது உண்மையாகவும் இருக்கும். பிறந்த குழந்தைகள் முதல் சில நாளில் எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்துப் பங்கு வரை இழப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் பழைய எடைக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டாவது பாதியை அவளிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்துக் கேட்க வேண்டியது: 'நார்மலா, சிசேரியனா?' சிசேரியன் என்று பதில் வந்தால் 'ஓ...' என்று ஒரு இழுவை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான். ஆக, பாதிக்குப் பாதி வீடுகளில் இந்த 'ஓ' பலிக்கும். 'நாங்கெல்லாம் வயக்காட்டுல வேலை பார்த்துட்டு வந்து பெத்துப்போட்டோம்' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொல்கிறவர் வாழ்நாளில் வயக்காட்டை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தாலும் பாதகமில்லை.

இனி வருவது தலையாய பகுதி. மேலே சொன்ன எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

'பால் பத்துதா?'

இதைக் கேட்காமல் ஒரு பிள்ளை பார்த்தல் பூர்த்தியாவதில்லை. ஆண்கள் இருந்தாலும் கேட்கலாம், கொழுந்தனார் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாலும் கேட்கலாம். பிள்ளை அழுதால் கட்டாயம் கேட்க வேண்டும். பிள்ளை அழுவதற்கு வெக்கை, ஈரத்துணி, வயிற்றில் காற்று, முகம் தெரியாத ஆள் தூக்கிக் குலுக்குவது என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் நமக்கு ஒரே காரணம் போதும்.

இந்தக் கேள்வியின் சக்தியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் இருந்தாலே போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பால் நிறையக் கட்டும். சிசேரியன் ஆனவர்களுக்குச் சில சமயம் இன்னும் ஒரு நாள் தள்ளலாம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ஊறிய பால் இறங்கி வருவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஒத்துழைக்க வேண்டும். அது கூச்ச சுபாவம். தாய்க்கு வலி, கவலை, அவமானம் எது வந்தாலும் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளும். ஆகவே போதுமான பேர் போதுமான தடவை 'பத்துதா, பத்துதா' என்று கேட்டுக்கொண்டிருந்தால், பத்தாமல் போவதற்கு நியாயமான வாய்ப்பு உண்டு. அப்போது 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லும் பாக்கியம் உங்களுக்குக் கிடைக்கும்.

முதல் வாரம் முடிவதற்குள் பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கணக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஈரத்துணியை எண்ணுவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? தாயின் நெஞ்சை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'பவுடர் பால் ஒரு டப்பா வாங்கி வச்சுக்க' என்று சொல்லுங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பவுடர்களை விளம்பரம் செய்யவே கூடாது, டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது என்று 1992ல் நம் நாட்டில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கம்பெனிகளுக்குத்தான். அத்தைகளுக்குப் பொருந்தாது.

பிறகு வைத்தியம். தேன் நாக்கில் தடவச் சொல்லலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பிள்ளையின் குடலில் நஞ்சு உண்டாக்கலாம் என்பது டாக்டர்கள் கட்சி. தண்ணீர் கொடுக்கச் சொல்லலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சொல்லிவிடலாம், மதுரை வெயில் அவர்களுக்குத் தெரியுமா? தாய்ப்பாலிலேயே நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் என்று அந்தப் பெண் வாய் திறந்தால், 'என்னமோம்மா, படிச்சவங்க' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும். கிரைப் வாட்டர் பற்றிப் பேசுவது இன்னும் விசேஷம். 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது. அந்தப் பழைய தயாரிப்பில் ஆல்கஹால் உண்டு. அங்கேயே 1990களில்தான் அதை நீக்கினார்கள். 'அந்தக் காலத்துப் பிள்ளைக ஒரு மூடி குடிச்சா எப்படித் தூங்கும் தெரியுமா' என்று வியக்கும்போது இந்தத் தகவல் வேண்டாம்.

தாயின் சாப்பாட்டுத் தட்டையும் விட்டுவிடக் கூடாது. பால்சுறாப் புட்டு இருந்தால் 'மீன் ஆகாதே', இல்லாவிட்டால் 'ஏன் வைக்கல'. 'தண்ணி குடிக்காத, வயிறு சரிஞ்சிரும்' என்று ஒருவர் சொல்லும்போது, 'நல்லா தண்ணி குடி, அப்பத்தான் பால் ஊறும்' என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். இரண்டு பேராகப் போவது இதற்காகத்தான். இந்த விவாதம் நடக்கும்போது அடுப்படியில் அவளுடைய அம்மா உங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார். ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர்தான். இரண்டாவது டம்ளரும் கேளுங்கள்.

பால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டால் எழுந்திருக்க வேண்டியதில்லை. 'நம்ம வீட்டு ஆளுகதானே, என்ன கூச்சம்' என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளவும். தமிழ்நாட்டில் 2015ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று தனி அறைகள் திறந்தார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொள்ளலாமே என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தையல் போட்ட வயிற்றோடு ஆட்டோ ஏறத்தான் தயக்கம்.

பிள்ளையின் அப்பா எதிர்ப்பட்டால், அவர் ஒரு டயப்பர் மாற்றியதைப் பார்த்த உடனே கைதட்டிவிடுங்கள். 'இந்தக் காலத்துல இப்படியொரு மாப்பிள்ளையா!' அன்றைக்கு மற்ற பதினோரு டயப்பரை மாற்றியவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அவளிடம், 'ஒனக்கென்னம்மா, ஆறு மாசம் சம்பளத்தோட லீவு' என்று சொல்லலாம். 2017ல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரம் ஆக்கினார்கள், உண்மைதான். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இத்தனை நாள் லீவு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் வீட்டுக்காரர் நாலாம் நாளே சென்னைக்கு ரயிலேறி, வீடியோ காலில் 'தூங்கினியா?' என்று கேட்டார். நல்ல மனிதர்தான்.

'நீ எப்படி இருக்க?' என்று தாயைக் கேட்கலாமா என்று சிலர் சந்தேகம் எழுப்புகிறார்கள். தவிர்த்துவிடுங்கள். கேட்டால் பதில் சொல்லத் தொடங்கிவிடுவாள். முதல் இரண்டு வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, அழுதும்விடலாம். உங்கள் பஸ் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும், தூக்கமின்மையும், பிள்ளை மேலேயே ஒட்டுதல் இல்லாமையும் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய நோய் அது. இந்த ஒரு வரியை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கலையைக் கெடுக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். மாடி வீட்டு அக்கா ஒருவர் வந்தார். வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். தூக்குச்சட்டியில் மிளகு ரசமும் சோறும் கொண்டுவந்திருந்தார். யார் சாயல் என்று பார்க்கவில்லை, காதைத் திருப்பவில்லை. 'பிள்ளையை எங்கிட்ட குடு, நீ போய்த் தலைக்குக் குளிச்சுட்டு ஒரு மணி நேரம் படு' என்றார். அம்மாவையும் உட்காரவைத்துவிட்டுத் தானே பாத்திரம் கழுவினார். கிளம்பும்போது பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். எந்த நேரமும் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பெரியம்மா வருகிறார்.