எட்டாம் திணை: தேம்ஸ் விருந்துப் படகும் அதில் பாடும் பொய் ஆபாவும்

குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து, கைக்கிளை ஒன்று, பெருந்திணை ஒன்று, ஆக அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் கணக்கை முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் லண்டன் எம்பாங்க்மென்ட் படகுத்துறையில், ஸ்வீடன் குழு ஒன்றின் பாட்டை ஸ்வீடனுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் பாடக் கேட்டுக்கொண்டே கோழி தின்பதற்காக, காசு கொடுத்து யாரும் வரிசையில் நின்றதில்லை. இப்போது நிற்கிறார்கள். ஆகவே எட்டாவதாக ஒரு திணை தேவைப்படுகிறது. அதற்கு முதல், கரு, உரி மூன்றையும் வகுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பெயர்தான் இன்னும் அமையவில்லை. திணைக்குப் பூவின் பெயர் வைப்பது மரபு. படகில் இருந்த ஒரே பூ மேசைக் கிண்ணத்தில் இருந்தது. அது பிளாஸ்டிக்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தேம்ஸ் ஆறுதானே, மருதத்தில் சேர்த்துவிடலாம் என்றால், டெடிங்டன் அணை வரைக்கும் கடலோதம் ஏறி இறங்குகிறது. லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ 7 மீட்டர் வித்தியாசம். சரி, நெய்தல் என்று வைத்துக்கொள்வோம் என்றால் மணலும் இல்லை, தாழையும் இல்லை. இலக்கணச் சிக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஓதம் ஏறிய நாளில், சன்னலோர மேசைக்குக் கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு நாடாளுமன்றமும் செயின்ட் பால் தேவாலயத்தின் கவிமாடமும் நன்றாகத் தெரியும். வற்றிய நாளில் அதே கட்டணத்துக்குத் துறையருகே பாசி படிந்த கருங்கல் சுவர் தெரியும்.

பொழுதும் அப்படித்தான். சிறுபொழுது மாலை என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. ஆனால் ஜூன் மாத லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். இந்த நிகழ்ச்சியின் ஆடைகளோ இருட்டை நம்பித் தைக்கப்பட்டவை. ஜூன் வெயில் கண்ணாடிக் கூரை வழியே நேராக விழும்போது ஜிகினா எங்கே உதிர்ந்தது, விக்கின் விளிம்பில் பசை எங்கே முடிகிறது என்பதெல்லாம் இனிப்புப் பரிமாறும் வரைக்கும் தெளிவாகத் தெரியும். எனவே இத்திணைக்குரிய பெரும்பொழுது முன்பனியே என்பது என் துணிபு.

இத்திணையின் மூல நிகழ்வு நடந்தது 1717 ஜூலை 17 அன்று. அன்றிரவு எட்டு மணியளவில் முதலாம் ஜார்ஜ் மன்னர் வைட்ஹால் துறையில் படகேறி, ஏறுகின்ற ஓதத்தோடு, துடுப்பே போடாமல் செல்சிக்குப் போனார். பக்கத்துப் படகில் ஐம்பது வாத்தியக்காரர்கள். வாசித்தது, இசையமைப்பாளர் ஹேண்டல் அதற்கென்றே அமைத்த இசை. மன்னருக்கு மிகவும் பிடித்துப்போய், சாப்பாட்டுக்கு முன் இரண்டு தடவை, பின் ஒரு தடவை என்று ஒரு மணி நேர இசையை மூன்று முறை வாசிக்க வைத்தார். விடியற்காலை நாலரைக்குத்தான் அரண்மனை திரும்பினார் என்று அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. வாத்தியக்காரர் செலவு மட்டும் 150 பவுண்டு. அது மன்னர் கணக்கில் சேரவில்லை, ஒரு பிரபு கைப்பணத்திலிருந்து கொடுத்தார். விருந்துப் படகின் முதல் பயணியே ஓசிப் பயணி என்பது வரலாறு.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, வாத்தியக்காரர்கள் ஒரு படகில், மன்னர் வேறு படகில், சாப்பாடு செல்சிக் கரையில் என்ற ஏற்பாடு. (கரையிலும் ஒரு கச்சேரி நடந்தது. ஆனால் அங்கே ஆறு ஓடிப் போகாது.) பிற்கால வணிகர்கள் செலவைக் குறைக்க மூன்றையும் ஒரே படகில் அடைத்தார்கள். அதனால் பிறந்ததே கழுத்துச் சிக்கல். தட்டு கீழே, மேடை முன்னே, டவர் பாலம் பக்கவாட்டில். பார்க்க மூன்று, கழுத்து ஒன்று. எனக்கு எதிர் மேசையில் ஒருவர் உருளைக்கிழங்கு குத்திய முள்கரண்டியை வாய்க்கருகே நிறுத்திப் பாடகியைப் பார்த்தார். அதற்குள் மனைவி, “அங்கே பாருங்கள், பாலம்!” என்றார். திரும்பினார். கிழங்கு குழம்புக் கிண்ணத்தில் விழுந்தது. பாலத்தைப் பார்த்தாரா, பாட்டைக் கேட்டாரா, கிழங்கைத் தின்றாரா என்றால் மூன்றும் இல்லை.

ஹேண்டலுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளருக்குக் கொடுக்க வேண்டும். 1858 கோடையில் இதே ஆறு நகரத்துச் சாக்கடை முழுவதையும் சுமந்துகொண்டு நாறியது. நாடாளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சுண்ணக்கலவையில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதன் பிறகே பணம் ஒதுக்கிப் பேசல்ஜெட்டைச் சாக்கடைகள் கட்டச் சொன்னார்கள். நாம் படகேறும் எம்பாங்க்மென்ட் கரையே அந்தச் சாக்கடையை மூடி எழுந்ததுதான். பாடகர் இல்லாமல்கூட விருந்துப் படகு ஓடும். பேசல்ஜெட் இல்லாமல் ஓடாது. அவர் வேடம் கட்டி ஆடும் ட்ரிப்யூட் நிகழ்ச்சி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை.

இனிக் கருப்பொருள். தெய்வம்: அக்னெத்தா, பியோர்ன், பென்னி, அன்னி-ஃப்ரிட் என்ற நால்வர், தொகுத்துச் சொன்னால் ஆபா. 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் ‘வாட்டர்லூ’ பாடி வென்றார்கள். அன்று பிரிட்டன் நடுவர்கள் அவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண் பூஜ்யம். அதே நாட்டுக்காரர்கள் இன்று காசு கொடுத்துப் படகேறி, அதே பாட்டுக்கு நாற்காலியில் ஏறி நின்று கைதட்டுகிறார்கள். தெய்வ நிந்தனைக்கு இவ்வளவு நீண்ட பிராயச்சித்தம் வேறெந்தத் திணையிலும் காணப்படவில்லை.

தெய்வம் 1982-க்குப் பிறகு மலையேறிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் நூறு கோடி டாலர் தருகிறோம், சேர்ந்து பாடுங்கள் என்று கேட்டும் இறங்கி வரவில்லை. தெய்வம் வராத ஊரில் சாமியாடிக்குக் கிராக்கி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 1988-இல் ‘பியோர்ன் அகெய்ன்’ என்ற குழு ஆபா வேடம் கட்டி ஆடத் தொடங்கியது. நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் கேட்டுக்கொண்டதால் 1992 ரெடிங் இசைவிழாவில் சத்தமும் சேறுமாக இருந்த ராக் ரசிகர்கள் நடுவிலேயே அவர்கள் ஆடினார்கள். அந்த மரபின் கடைக்கோடிக் கிளைகளே படகுக்கு வருகின்றன. 2022 மே 27 முதல் கிழக்கு லண்டனில் 3,000 பேர் கொள்ளும் அரங்கு கட்டி, நால்வரின் இளவயது உருவங்களைக் கணினி ஒளியில் ஆடவிட்டிருக்கிறார்கள். அந்த உருவங்களுக்கு வியர்ப்பதில்லை. படகில் ஆடுகிறவருக்கு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, விரைவுப் படகு ஒன்று பக்கத்தில் கடந்து அலை அடித்தால் உயரக் குதிகால் பூட்சோடு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருதி விடாமல் பாட வேண்டியிருக்கிறது. என் வாக்கு வியர்க்கிறவருக்கே.

நான் ஏறிய படகில் தெய்வம் நால்வராக வரவில்லை. மஞ்சள் விக் ஒருவர், செம்பட்டை விக் ஒருவர். பியோர்னும் பென்னியும் மடிக்கணினியில் இருந்தார்கள். இரண்டு ஆண்களுக்கும் சேர்த்து ஒரு ‘ப்ளே’ பொத்தான். பாட்டுக்கு நடுவே அது ஒருமுறை நின்றுவிட்டது. செம்பட்டை விக்காரர் ஆடிக்கொண்டே போய் முழங்கையால் தட்டினார், பென்னி உயிர்த்தெழுந்தார்.

ஆடை பற்றி ஒரு குறிப்பு. மூலக் குழுவினரின் பூனைப்படச் சட்டைகளையும் வெள்ளிப் பூட்சுகளையும் எழுபதுகளின் ரசனை என்று எண்ணுவோர் உளர். அஃதன்று. வீதியில் போட்டுக்கொண்டு போக முடியாத உடை என்றால் அதன் செலவுக்கு ஸ்வீடனில் வரிவிலக்கு கிடைத்தது. கோமாளித்தனமாக உடுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பியோர்னே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, ஐம்பதாண்டுக்கு முந்தைய ஸ்வீடன் வருமானவரிச் சட்டத்தின் ஒரு விதியை இன்று தேம்ஸ் நதியில் வேறு நாட்டுக்காரர் ஒருவர் இறுக்கமாக உடுத்திக்கொண்டு ஆடுகிறார். சட்டம் இவ்வளவு பளபளப்பாகப் பின்பற்றப்படுவது அரிது.

உணவு: இத்திணைக்கு இயல்பாக அமைய வேண்டிய உணவு ஊறுகாய் மத்தி வகை மீன். காரணம், குழுவுக்கு முன்பே ஸ்வீடனில் ஆபா என்ற பெயரில் மீன் பதப்படுத்தி விற்ற நிறுவனம் ஒன்று இருந்தது. அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் இவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். படகு, ஆறு, ஸ்வீடன், மீன் என்று எல்லாம் ஒன்றுகூடி வரும் இடத்தில் சமையலறை கொடுப்பதோ கோழி நெஞ்சுக்கறி. சைவர்களுக்குக் காளான் சோறு, அதற்கு ரிசொட்டோ என்று பெயர், குழைந்துபோனதற்குக் குற்றமில்லை என்பது பெயரின் பயன். கோழி எப்போதும் மெதுவான பாட்டின்போது வருகிறது. துள்ளல் பாட்டின்போது தட்டோடு வந்தால் எழுந்து ஆடுகிறவர்களின் முழங்கை பரிசாரகர் மேல் படும். ஆகையால் பாடகிகள் மெதுவாகப் பாடத் தொடங்கினால் படகிலிருக்கும் பழகிய வாடிக்கையாளர்கள் கண்ணீர் விடுவதில்லை, மடியில் துணியை விரிக்கிறார்கள்.

புள்: கடற்காகம். மரம்: கரையோரப் பிளேன் மரங்கள். இவை நிகழ்ச்சியில் பங்கெடுப்பதில்லை. மா: நீர்நாய் அல்ல, கடல்நாய். இந்த ஆற்றில் உயிரே இல்லை என்று 1957-இல் அறிவியலாளர் கைவிட்டார்கள். இன்று கடல்நாய்கள் நகருக்குள்ளேயே வந்து தலை நீட்டிப் போகின்றன. பாட்டுக் கேட்டு வருகின்றன என்பதற்குச் சான்றில்லை.

பறை: கேப்டனின் ஒலிபெருக்கி. நூலுக்குப் பாயிரம் போல நிகழ்ச்சிக்கு முன் உயிர்காப்பு அறிவிப்பு வரும், பலரும் மதுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கேட்காமலிருப்பார்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் ஆய்வாளன் கேலியை ஒதுக்கி வைக்கிறான். 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, மார்ஷியோனஸ் என்ற பிறந்தநாள் விருந்துப் படகு இதே ஆற்றில் மணல்வாரிக் கப்பல் மோதி மூழ்கி 51 பேர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக 2002-இல் தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்தன. ஒன்று வாட்டர்லூ பாலத்தருகிலேயே இருக்கிறது. அறிவிப்பைக் கேளுங்கள்.

வாட்டர்லூ பாலம் என்றதும் இத்திணையின் கடினமான தாளக் கணக்குக்கு வந்தாக வேண்டும். வாட்டர்லூ பாலத்துக்கடியில் ‘வாட்டர்லூ’ பாட வேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. நெப்போலியன் தோற்ற போரின் இரண்டாம் ஆண்டு நாளில், 1817 ஜூன் 18 அன்று திறந்து, அந்தப் பெயரே வைத்த பாலம். அது தளர்ந்துபோக, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண் தொழிலாளர்கள் பலரை வைத்துக் கட்டியதே இன்றைய பாலம். பாடுகிறவர்களும் பெண்கள், பொருத்தம் இதற்கு மேல் முடியாது. ஆனால் எம்பாங்க்மென்ட் துறையிலிருந்து கிழக்கே கிளம்பிய படகு உடனே இப்பாலத்தைத் தாண்டிவிடும், அப்போது உயிர்காப்பு அறிவிப்பு நடந்துகொண்டிருக்கும். எனவே திரும்பி வரும்போதுதான் பாட முடியும். பாட்டு மூன்று நிமிடத்துக்கும் குறைவு, பாலத்துக்கடியில் படகு இருக்கும் நேரமோ சில நொடி. ஓதம் எதிர்த்தால் படகு பிந்தும், பல்லவி முந்தும். நான் பார்த்த அன்று பல்லவி பாலத்துக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. மஞ்சள் விக்காரர் சன்னலை ஒருமுறை பார்த்தார், முழங்கையால் பொத்தானைத் தட்டினார், முதலிலிருந்து தொடங்கினார். மன்னர் ஜார்ஜ் மூன்று தடவை கேட்டாரே, நாம் இரண்டு தடவை கேட்டால் என்ன?

இனி உரிப்பொருள். பழைய நினைவில் ஏங்கலே இதற்கு உரியது என்பர் ஒருசாரார். பொருந்தாது, ஆடியவர்களில் பாதிப் பேர் 1982-க்குப் பிறகு பிறந்தவர்கள். பசியும் பசி நிமித்தமும் என்பர் வேறு சிலர். கோழியைப் பார்த்த எவரும் இதை ஏற்கமாட்டார். என் முடிபு: எழுந்து போக முடியாமையும் எழுந்து போக முடியாமை நிமித்தமும். நிலத்தில் நடக்கும் கச்சேரியில் பிடிக்காதவர் செருப்பைத் தேடுவார். ஆற்று நடுவில் செருப்பைத் தேடி என்ன செய்வது? பாடகிகளும் ஒளிந்துகொள்ள இடமில்லை, பாட்டு முடிந்தால் சமையலறை வாசலில் அதே விக்கோடு நிற்க வேண்டும். இருதரப்பும் தப்ப முடியாத நிலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமரசம் பிறக்கிறது. கைகட்டி உட்கார்ந்திருந்தவர் முதல் கோப்பையில் தலையாட்டுகிறார், இனிப்பு வருவதற்குள் தோளாட்டுகிறார், கிரீனிச்சிலிருந்து திரும்பும்போது அலுவலக மேலாளரின் கையைப் பிடித்துச் சுற்றுகிறார்.

எதிர்ச்சான்றாக 1977 ஜூன் 7-ஐக் காட்டலாம். ராணியின் வெள்ளிவிழா வாரத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு, குவீன் எலிசபெத் என்ற பெயருள்ள படகையே வாடகைக்கு எடுத்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே தங்கள் பாட்டைக் கத்திப் பாடியது. போலீஸ் படகுகள் சூழ்ந்து கரைக்குத் தள்ளின. துறையில் இறங்கியதும் மேலாளர் மால்கம் மெக்லாரன் உட்படப் பலரைக் கைது செய்தார்கள். நுணுகிப் பார்த்தால் இது என் முடிபை வலுப்படுத்தவே செய்கிறது. ஆற்றில் இருந்தவரை யாரையும் கைது செய்யவில்லை, அந்த வினையெல்லாம் கரையில்.

புறனடை: படகு கட்டி, நடைபலகை போட்டு, கதவு திறந்து, பரிசாரகர் தட்டுகளை அடுக்கத் தொடங்கிய பிறகும், போக வழியிருந்தும் போகாமல், ‘டான்சிங் குவீன் இன்னும் பாடவில்லையே’ என்று மேசையைத் தட்டுவோர் உளர். அன்று அப்படித் தட்டியவர்களில் கிழங்குக்காரரும் ஒருவர். அவர் மனைவி கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இவ்வகையினரைத் திணைமயக்கம் எனக் கொள்க.