பத்துப் பொருத்தமும் பார்த்த பெட்டி

"ஏனுங் தம்பி, ஒரு ஸ்விட்சு முப்பத்தி ரெண்டாயிரமா? எங்கூட்டு ஆல்ல நாப்பது ரூவா ஸ்விட்சு பதினஞ்சு வருசமா ஓடுதுங்."

கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கர். கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் எனக்கு வர வேண்டிய பழைய பில் பாக்கியும் வராமல் போகும். அவர் கேட்டதில் தவறில்லை. சுவரில் ஃபேனுக்குப் போடுவதும் ஸ்விட்ச், கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் நெட்வொர்க் பெட்டியும் ஸ்விட்ச். அந்த வருஷத்துப் பேரேட்டில் இது 'எலெக்ட்ரிக்கல் சாமான்' என்ற தலைப்பில்தான் ஏறியது, டியூப் லைட்டுக்கும் ஹோல்டருக்கும் நடுவில். பின்னால் நடந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த விவகாரத்தில் நேர்மையாக எழுதப்பட்ட ஒரே வரி அதுதான்.

முதலாளி படித்தவர். "சும்மா வாங்கிப்போடக் கூடாதுங் தம்பி. மூணு பிராண்டை கம்பேர் பண்ணி ஒரு சீட் போட்டுட்டு வாங்க" என்றார். போட்டேன். எக்செல்லில் பதின்மூன்று கட்டம். விற்பனையாளர் அனுப்பும் அட்டவணையில் அவருடைய லோகோவை அழித்துவிட்டு நம்முடையதை ஒட்டுவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். நானும் அதையே செய்தேன். இந்தக் கட்டுரையில் திட்டு வாங்கப்போகிறவர்களின் வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

முதல் கட்டம் 'ஸ்விட்சிங் கெப்பாசிட்டி'. மூன்று பிராண்டுக்கும் 48 கிகாபிட். இரண்டாவது கட்டம் 'ஃபார்வர்டிங் ரேட்'. மூன்றுக்கும் விநாடிக்கு 3.57 கோடி பாக்கெட். முதலாளி புருவத்தை உயர்த்தினார். "மூணும் ஒண்ணாவே வருதுங்களே, பேசி வெச்சுட்டாங்களா?"

பேசி வைக்கவில்லை, பெருக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டியில் 24 போர்ட். ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 1 கிகாபிட் போகலாம், 1 கிகாபிட் வரலாம். இருபத்து நான்கு இரண்டு நாற்பத்தெட்டு. ஒரு கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டாக அடைத்து அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 14.88 லட்சம் போகும். அதை 24ஆல் பெருக்கினால் 3.57 கோடி. முழு வேகத்தில் ஓடும் எந்த 24 போர்ட் கிகாபிட் பெட்டிக்கும் இதுதான் விடை. மாப்பிள்ளைக்குக் கை இரண்டு, கால் இரண்டு, விரல் இருபது என்று ஜாதகத்தில் எழுதி, அதை மூன்று வரன்களுக்கும் ஒப்பிட்டுப் பார்த்த மாதிரி. இப்படி இரண்டு கட்டம் நிரம்பியது.

விற்பனையாளர் விடுவாரா? அடுத்த மாடலைக் காட்டினார். மேலே நான்கு 10 கிகாபிட் போர்ட் சேர்த்தது. 48க்குப் பதில் 128! "ஏறக்குறைய மூணு மடங்கு சார்." அந்தக் கம்பெனிக்கு வரும் இன்டர்நெட் இணைப்பு 100 மெகாபிட். உள்ளே ஓடுவது டேலி, கைரேகை வருகைப் பதிவு, இருபத்து நான்கு கேமரா. நான்கு அகல வாசலும் வாங்கியாகிவிட்டது. தூசு போகாமல் இருக்கத் தயாரிப்பாளரே வைத்து அனுப்பிய ரப்பர் மூடிகள் இன்றைக்கும் அவற்றில் பெரும்பாலானவற்றில் அப்படியே இருக்கின்றன.

சரி, மூன்று பிராண்டு என்றோமே, அந்த மூன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈதர்நெட் ஸ்விட்ச் என்ற சரக்கை 1990ல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். ஏழு போர்ட் பெட்டி. 1994ல் சிஸ்கோ அதை விழுங்கியது. பெரியதை இன்னும் பெரியதாகவும் சிறியதைக் காணாமலும் ஆக்கும் இந்த வித்தை அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. ஹெச்பி 2010ல் த்ரீகாமை வாங்கியது. 2015ல் அரூபா. ஹெச்பியின் வாரிசான ஹெச்பிஇ 2025 ஜூலையில் சுமார் 1,400 கோடி டாலருக்கு ஜூனிப்பரையும் எடுத்துக்கொண்டது. போட்டி குறைந்துபோகும் என்று ஜனவரியில் வழக்குப் போட்ட அமெரிக்க நீதித்துறை, ஜூனில் சமாதானமாகிவிட்டது. என் அட்டவணையில் இருந்த மூன்று வரன்களில் இரண்டு பேர் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூத்தவனைப் பிடிக்கவில்லை என்றால் இளையவனைக் காட்டுவார்கள். சீர் போவது ஒரே வீட்டுக்கு.

மேலே அப்படி என்றால் கீழே இப்படி: கோப்புக்கு மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். மூன்று லெட்டர்பேடில் வந்தது. மூன்றிலும் 'வாரண்டி' என்ற சொல்லில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. கணக்கர் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்டேபிளர் அடித்தார். தணிக்கையாளர் பச்சை டிக் போட்டார். அரசாங்கத்தில் இது இன்னும் நேர்த்தியாக நடக்கும். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1998லேயே சட்டம் வந்தது. அதனால் பிராண்டு பெயரை எழுத மாட்டார்கள். உயரம், அகலம், எடை, முன்பக்க விளக்கின் நிறம் வரை எழுதுவார்கள். மணமகள் தேவை: இடது கன்னத்தில் மச்சம், எதிர் வீட்டில் வசிப்பவராக இருத்தல் வேண்டும்.

இப்போது பந்திக்கு வருவோம். அட்டவணையின் ஏழாவது கட்டம் 'பிஓஇ பிளஸ்: 24 போர்ட்டிலும் உண்டு'. பிஓஇ என்றால் டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகும். கேமராவுக்குத் தனியாக பிளக் பாயிண்ட் வேண்டாம். 2003ல் வந்த தரம் போர்ட்டுக்கு 15.4 வாட் தந்தது. 2009ல் வந்த 'பிளஸ்' 30 வாட். 2018ல் வந்தது 90 வாட் வரை போகும். 24 போர்ட்டுக்கும் 30 என்றால் 720 வாட் வேண்டும். பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளை மொத்தமாகக் கேமராக்களுக்குத் தரக்கூடியது 190 வாட்.

இது எங்கே எழுதியிருந்தது என்கிறீர்களா? எழுதாமல் இல்லை. டேட்டா ஷீட்டின் நான்காம் பக்கத்தில், அடிக்குறிப்பில், எறும்பு வரிசை அளவில். 24 பேருக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்துவிட்டு, ஆறு பேருக்கு மட்டும் சோறு வடித்திருக்கிறார்கள். கேட்டால், "எல்லா இலையிலும் சோறு போடும் வசதி உண்டு என்றுதானே சொன்னோம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போடுவோம் என்று சொன்னோமா?" கல்யாண வீட்டில் இப்படிச் செய்தால் சமையல்காரர் ஊர் திரும்ப முடியாது. இங்கே இதற்கு 'ஓவர் சப்ஸ்கிரிப்ஷன்' என்று பெயர். கோட்டு போட்டுக்கொண்டு சொல்லுவார்கள்.

சரி, கேமரா 30 வாட் சாப்பிடாதே? சாப்பிடாது. பகலில் ஒவ்வொன்றும் 6 வாட், 24க்கு 144. பெட்டி சிரித்துக்கொண்டே ஓடும். பொருத்திய அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாக் கேமராவும் பளிச்சென்று தெரிந்தது. டெமோ எப்போதும் பகலில்தான். பொழுது இறங்கியதும் கேமராக்கள் இருட்டில் பார்க்க அகச்சிவப்பு விளக்கை ஏற்றிக்கொள்ளும். அப்போது ஒவ்வொன்றும் 10 வாட், மொத்தம் 240. இருப்பது 190. சோறு தீர்ந்ததும் பெட்டி யாரையாவது எழுப்பிவிட வேண்டும். முன்னுரிமையை நாம் மாற்றி வைக்காவிட்டால் பெரும்பாலும் கடைசி எண்களில் இருப்பவர்கள்தான் முதலில் எழ வேண்டும். குடோன் கேமரா இருந்தது இருபத்து மூன்றாவது போர்ட்டில்.

பகல் முழுக்கக் கண்ணை விரித்துக் காவல் காத்து, இருட்டியதும் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு காவல்காரனை 18 சதவீத ஜிஎஸ்டி கட்டி வாங்கியிருந்தோம்.

வாரண்டிக் கட்டத்தில் 'லைஃப்டைம்' என்று இருந்தது. முதலாளிக்கு மிகவும் பிடித்த கட்டம். யாருடைய ஆயுள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாங்கியவரின் ஆயுள் இல்லை, பெட்டியின் ஆயுளும் இல்லை. தயாரித்தவர் என்றைக்கு 'இந்த மாடலை நிறுத்துகிறோம்' என்று அறிவிக்கிறாரோ அன்றிலிருந்து ஐந்து வருஷம் என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலாக உள்ள அர்த்தம். தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்திவிட்டு, காரியத்துக்கான தேதியைக் குறிக்கும் உரிமையையும் புரோகிதரே வைத்துக்கொள்கிறார். இதே பெட்டியைப் பூஜ்யத்திலிருந்து 45 டிகிரி வரை வைக்கலாம் என்று இன்னொரு கட்டம். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மாடிப்படி இடுக்கில், காற்றுப் புகாத இரும்பு அலமாரிக்குள், மேலே ஆயுத பூஜை சந்தனம் அப்பி வைத்திருந்தால் எத்தனை டிகிரி இருக்கும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

உண்மையில் எனக்கு வயிறு எரிவது லைசென்ஸ் விஷயத்தில். காசு கொடுத்து வாங்கிய இரும்புப் பெட்டி. பில் நம் பெயரில். தேய்மானம் நம் கணக்கில். கரண்ட் நம்முடையது. ஆனால் அது ஓட வேண்டுமானால் வருஷா வருஷம் வாடகை கட்ட வேண்டும் என்கிறார்கள். சிஸ்கோ 2012ல் 120 கோடி டாலருக்கு வாங்கிய மெராக்கியின் 'கோ-டெர்ம்' உரிம முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் தீர்ந்து 30 நாள் சலுகையும் முடிந்து நீங்கள் புதுப்பிக்கவில்லை என்றால், நல்ல நிலையில் இருக்கும் பெட்டி வேலையை நிறுத்திவிடும். ஒன்று மட்டுமல்ல, அந்தக் கணக்கின் கீழ் இருப்பவை எல்லாம். ரகசியமும் இல்லை, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கல்லை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம். சந்தா கட்டாத மாதம் குழவி சுற்றாது என்றால் நம் பாட்டிகள் கல் கொத்துகிறவனை என்ன செய்திருப்பார்கள்? நாமோ இந்த வாடகையை நடப்புச் செலவாக எழுதி, 'ஆபெக்ஸ் மாடல்' என்று பெயர் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம்.

அசல் இப்படி என்றால், போலி? 2020ல் எஃப்-செக்யூர் என்ற பின்லாந்துக் கம்பெனி, சிஸ்கோ 2960 எக்ஸ் வகைப் போலிப் பெட்டிகள் இரண்டைப் பிரித்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. அவை போலி என்று எப்படித் தெரியவந்தது? சாஃப்ட்வேர் அப்டேட் போட்டதும் செத்துப்போயின. ஆக, போலி அப்டேட் போட்டால் சாகும். அசல் சந்தா கட்டாவிட்டால் சாகும். ஒப்பீட்டு அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்கலாம்: 'மரணக் காரணம்'.

சரி, கட்டங்கள் எல்லாம் நிரம்பின. பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனால் பத்தில் ஒன்பது இருந்தும் ரஜ்ஜு தட்டினால் ஜோசியர் ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். ரஜ்ஜு என்றால் கயிறு. நாங்கள் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

ஒரு ராத்திரி குடோனிலிருந்து நான்கு நூல் பை காணாமல் போனது. இருபத்து மூன்றாவது போர்ட்டின் பதிவைப் போட்டுப் பார்த்தால் மாலை ஆறே முக்காலிலிருந்து கறுப்பு. முதலாளி என்னைக் கூப்பிட்டார், நான் விற்பனையாளரைக் கூப்பிட்டேன், அவர் டிக்கெட் போட்டார், டிக்கெட் பெங்களூருக்குப் போனது. பெட்டி சர்வீஸ் சென்டருக்குப் போய் 'கோளாறு ஏதும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பியது. சீட்டு சொன்னதும் உண்மைதான். 190 வாட் தரும் பெட்டி 190 வாட் தருகிறது, அதில் என்ன கோளாறு?

கேபிள் இழுக்கும் பையன் ஏணியில் நின்றபடி கூப்பிட்டான். பத்தாவது ஃபெயில். நாள் கூலி. "அண்ணா, இது செம்பு இல்லீங்ணா. பிளேடுல சொரண்டுனா வெள்ளையா வருது பாருங்."

அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. கேபிள் வந்த அட்டைப் பெட்டியின்மேல் 'கேட் 6, 305 மீட்டர்' என்று கொட்டை எழுத்து. செம்பைவிட இதற்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கேட்டகரி கேபிளுக்கான எந்தத் தரமும் இதை ஏற்பதில்லை. குடோன் வரைக்கும் எண்பது மீட்டர் போகும் வழியெல்லாம் கேமராவுக்கு அனுப்பிய வாட்டை இது சூடாக்கியே தின்றிருக்கிறது; ஏற்கெனவே ஆறு பேருக்கு வடித்த சோற்றில் பரிமாறுகிறவன் வழியில் ஒரு கை போட்டுக்கொண்ட மாதிரி. வளைத்த இடத்தில் முறியும். உள்ளே இருக்கும் நான்கு ஜோடியில் ஒன்று போனாலும் கிகாபிட் ஓடாது, 100 மெகாபிட்டாக இறங்கலாம். அப்புறம் 128ஆவது 48ஆவது. பதின்மூன்று கட்டமும் ஐம்பது பக்க டேட்டா ஷீட்டும் மூன்று லெட்டர்பேடும் பிடிக்காத கோளாறை ஒரு பிளேடு ஒரு நிமிஷத்தில் பிடித்தது.

அறிக்கை எழுதினேன். கேபிளைப் பற்றி ஒரு பத்தி, வாட் கணக்கைப் பற்றி ஒரு பத்தி. முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கேபிள்னு எழுத வேண்டாமுங் தம்பி. அது மச்சான் பர்ச்சேஸ் பண்ணுனது. ஸ்விட்சுன்னே எழுதிருங்."

வாட்ச்மேனை மறுநாள் வேலையை விட்டு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த கேட்டில் நின்றவர். லைஃப்டைம் வாரண்டி ஸ்விட்சுக்குத்தான், ஆளுக்குக் கிடையாது.

போன வாரம் மறுபடி அழைப்பு. புது ஸ்விட்ச் வாங்கப் போகிறார்கள், இன்னும் பெரியது. ஒரு கம்பேரிசன் சீட் வேண்டுமாம். இந்தத் தடவை பதினான்காவதாக ஒரு கட்டம் சேர்த்து, 'கேபிள்: முழுச் செம்பு' என்று எழுதி அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தது. அந்தக் கட்டத்துக்கு நேரே கணக்கர் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'வாங்க வேண்டாம். ஸ்டாக்கில் 26 பெட்டி இருக்கிறது.'