எத்தனை குதிரை, அண்ணே?

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் விலை கேட்பார். டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து, "எங்க மாமாகிட்ட ஒண்ணு இருந்துச்சு, வித்துட்டாரு" என்று துக்கம் சொல்வார். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத் திறன். இன்றைய கணக்கில் பெரிய மந்தை இல்லைதான். ஆனால் வண்டியே ஏறக்குறைய நூறு கிலோதான் என்பதால், முறுக்கினால் முன்சக்கரம் தரையில் இருப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்.

இதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்தே தீரும்: இன்னும் கொஞ்சம் பிக்கப் ஏற்றினால் என்ன? எனக்கும் வந்தது. சென்னையில் அதற்கான இடத்துக்குப் பஞ்சமில்லை. புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, சந்துக்கு ஒரு ட்யூனிங் ஸ்பெஷலிஸ்ட். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில்கூட நாலு பேரை விசாரிப்பார்கள். என்ஜினைப் பிளக்கப் போகிற ஆளைப் பற்றி நாம் விசாரிப்பது ஒன்றே ஒன்று: "எவ்வளவு ஆகும்?"

நான் "எவ்வளவு பவர் கூடும்?" என்றும் கேட்டேன். முதல் கடைக்காரர் "பறக்கும்" என்றார். அடுத்தவர் "சும்மா கிழிக்கும்" என்றார். இன்னொருவர் வார்த்தையை நம்பாதவர்; உள்ளங்கையை விமானமாக நீட்டி "உய்ய்ய்ங்" என்றார். ஜேம்ஸ் வாட் மெனக்கெட்டுக் குதிரையின் உழைப்பைக் கணக்கிட்டு ஓர் அளவையை உண்டாக்கி வைத்தார். நம்மவர்கள் அதை "உய்ய்ய்ங்" என்றே முடித்துவிட்டார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் உள்ளே நடப்பது சிரிக்கும் காரியமில்லை. நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் விநாடிக்கு 125 முறை மேலே போய்க் கீழே வருகிறது. அதற்கும் சிலிண்டர் பிளாக்கின் சுவருக்கும் நடுவே ஒரு தலைமுடிகூட நுழையாது. பிளாக்கைக் கடைந்து போர் போடும்போது அந்த இடைவெளி குறைந்தால், சூட்டில் பிஸ்டன் உப்பிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இடைவெளி கூடினால் உள்ளே யாரோ பாத்திரம் கழுவுவதுபோல் சத்தம் வரும். ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷன் ஏறும், உண்மைதான். அளவு மீறிச் சீவினால் பெட்ரோல் தன் இஷ்டத்துக்கு வெடித்து, பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும்.

போர்ட் வேலை என்பது இன்னும் வம்பு. பிளாக்கில் புகை வெளியேறும் வாசலைச் சற்று உயர்த்தினால் மேல் சுற்றில் பலம் கூடும். கீழ்ச் சுற்றில் இருந்த இழுவை போய்விடும். தி.நகர் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்கிறவனுக்கு 9000 சுற்றில் வரும் பலம் எதற்கு? இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. கிரைண்டரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். சீவிய இரும்பு திரும்ப ஒட்டாது.

சைலன்ஸர் விஷயம் தனிக்கதை. ரேஸ் வண்டியின் வயிறு பெருத்த குழாய் சும்மா அழகுக்காக அப்படி இல்லை. உள்ளே ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பியோடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. நம் தெருவில் செய்வது உள்ளிருக்கும் தடுப்பை உருவி எறிவது. பவர் ஏறியதோ இல்லையோ, தெருக்கோடித் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். போலீஸ்காரரும் கூப்பிடாமலே வருவார்.

பல கடைகளில் ஒரு கோப்பையும், மங்கிப்போன படமும் இருக்கும். "இருங்காட்டுக்கோட்டை ரேஸ்ல ஜெயிச்ச என்ஜின் நம்ம கைல செஞ்சது" என்பார்கள். இருக்கட்டும். ரேஸ் என்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்து மறுபடி கட்டுவார்கள். அதில் ரேஷன் கடைக்கு யாரும் போவதில்லை. நான் கோப்பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூலையில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பிரித்துப் போட்டுப் பூட்டாத என்ஜின்கள் எத்தனை என்று எண்ணினாலே கடையின் ஜாதகம் தெரிந்துவிடும்.

கடைசியில் வண்டியை விட்ட கடையில் கோப்பை இல்லை. அந்த அண்ணன் முதலில் ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு, காத்து புகுந்துட்டிருக்கு" என்றார். "எங்க சார் ஓட்டுவீங்க?" என்று அடுத்த கேள்வி. ஆபீசுக்கு என்றதும் முகத்தில் ஓர் இரக்கம். "அப்ப எதுக்கு போர்ட் வேலை? இது இப்ப பதினோரு குதிரையே இல்ல. ஓடிப்போனதைப் பிடிச்சுக் கட்டுவோம் முதல்ல."

மரப்பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய மைக்ரோமீட்டரை எடுத்தார். அந்தத் துணி அவர் சட்டையைவிடச் சுத்தமாக இருந்தது. பிளாக்கை மேலும் நடுவிலும் கீழும் அளந்து ஒரு நோட்டில் எழுதினார். கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. சீல், பேரிங், 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் ஜெட், அவ்வளவுதான் வேலை. பழைய பிஸ்டனைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். வண்டியை மட்டும் சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை. அதையும் கொடுத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

வண்டி இப்போது போகிற போக்கைப் பார்த்து என்ன ட்யூனிங் என்று கேட்கிறார்கள். கம்பெனி ட்யூனிங் என்றால் நம்புவதில்லை.

உங்களுக்கும் அந்த ஆசை வந்தால், பணம் பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் எவ்வளவு கேப் விடுவீங்க?" அவர் ஓர் எண் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். "அதெல்லாம் நம்ம கைக்கே தெரியும் பாஸ்" என்றால், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.